ஐவிக்குப் போன புகைப்படங்கள்

வாரத்துக்கு மூன்று மூட்டைக் கடிதம் வரும், வக்கீல் சார். என் முதுகுவலி அதில் வந்ததுதான். லெனோர் ஆஷ்பிக்கு ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் நான் பிரித்து, அவள் கையெழுத்தை நானே போட்டு, ஆளுக்கொரு புகைப்படம் அனுப்புவேன். ஹாலிவுட்டில் எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான்.

வீட்டை மகள் ஐவிக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்திருக்கிறாள் என்கிறீர்கள். ஐவியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம்.

கல்யாணமாகாமல் பிறந்த பெண் அது. விஷயம் வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் அன்றைக்கே போய்விடும் என்று, அரிசோனாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் விட்டிருந்தாள். ஐவியின் கடிதம் மட்டும் ஸ்டூடியோ விலாசத்துக்கு, ரசிகர் கடிதம் மாதிரி வரும். "ஹெஸ்டர், அரிசோனா முத்திரை இருந்தா மூட்டையில போட்டுடாத. நேரா எங்கிட்ட குடு" என்று சொல்லிவைத்திருந்தாள்.

முதல் கடிதத்தைக் கொடுக்கத்தான் செய்தேன். அன்று முழுக்க அழுதாள். கண் வீங்கி, மறுநாள் முகத்தை நெருக்கத்தில் எடுக்க முடியவில்லை. அறுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இவளோ, "சினிமாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடறேன்" என்கிறாள். உச்சியில் இருந்தவள் பேசுகிற பேச்சா அது? அவள் போனால் என் வேலையும் போகும், அதையும் மறைக்கவில்லை.

இரண்டாவது கடிதத்தை மூட்டையிலேயே சேர்த்தேன். 'உன் அன்புக்கு நன்றி' என்று ஒரு புகைப்படம் போயிற்று. லெனோர் மகளுக்கு எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்ததை அடுப்பில் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கடிதம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று தேற்றியும் அனுப்புவேன். பாவமாகத்தான் இருக்கும்.

ஐவி ஐந்து வருஷம் எழுதினாள். பன்னிரண்டு வயதில் நெஞ்சில் காசம். "அம்மா, போட்டோ போதும். நீ ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போயேன்" என்று எழுதியிருந்தாள். நான் கல்நெஞ்சக்காரி இல்லை, சார். பெரிய அளவுப் படத்துக்கு ரசிகர்கள் இருபத்தைந்து சென்ட் அனுப்ப வேண்டும். அவளுக்கு இலவசமாகவே அனுப்பினேன்.

அந்த மாதமே கண்ணை மூடிவிட்டாள். செய்தி எழுதிய விடுதி சிஸ்டருக்கும் ஒரு படம் அனுப்பினேன்.

லெனோர் நடிப்பதை நிறுத்திய பிறகு, அரிசோனாவுக்குப் போகிறேன் என்று ஒருநாள் பெட்டி கட்டினாள். ஐவி உங்களைப் பார்க்க விரும்பவில்லையாம், சிஸ்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லித் தடுத்தேன். "அவளுக்கு எம்மேல கோவம் இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். இருபது வருஷம் அந்தக் கோபம் தணியக் காத்திருந்து செத்தாள். எனக்கும் அலுத்துவிட்டது.

வாரிசு யார் என்று கேட்டீர்கள். ஒரு கடிதம் விடாமல் அந்தக் குழந்தைக்குப் பதில் போட்டவள் நான். 'அம்மா' என்று அவள் எழுதியதெல்லாம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தாய் ஸ்தானத்தில் இருந்தவள் ஹெஸ்டர் தோர்ப் என்று எழுதிக்கொள்ளுங்கள்.