கனத்த ரொட்டிக்கு ஒரு கத்தி

சக்கரக் கத்தியால் கனத்த பீட்சாவை வெட்ட முடியாது, வக்கீலையா. பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறவர்கள்தான் அதிகம். உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் இதை முதலில் சொன்னேன்.

கேள்வி எனக்கு நன்றாக விளங்குகிறது. இராக்கம்மாவும் அவள் புருஷன் சடையனும் இலங்கையில் இருக்கவே விரும்பினார்கள். ஆனால் 1970இல் அவர்கள் கைநாட்டு இந்தியப் பிரஜாவுரிமை கேட்கும் படிவத்தில் விழுந்திருக்கிறது. மூன்று வருஷம் கழித்துச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ரயில் கோச்சி ஏறிப் போய்விட்டார்கள். அது எப்படி நடந்தது என்று நான் எழுத்தில் கொடுத்தால் அவளைத் திரும்ப அழைக்க ஒரு வழி பிறக்கலாம் என்கிறீர்கள். அவளுடைய மூத்த மகள் சீரங்காயி, ஹாலிஎலையில் வாக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவள், உங்களோடு வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை. பரவாயில்லை.

அப்போது நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய துரை பங்களாவில் கோக்கி. சமையல் முழுவதும் என் பொறுப்பு. இராக்கம்மா எனக்குக் கீழே காய் நறுக்கவும் அரைக்கவும் கழுவவும் இருந்தாள். துரைசாணியின் தம்பி அமெரிக்காவில் இருந்தார். அவர்தான் அந்தக் கனத்த பீட்சாவின் குறிப்பையும், ஆழமான இரும்புத் தட்டையும், ஒரு சக்கரக் கத்தியையும் பெட்டியில் வைத்து அனுப்பினார். தட்டின் விளிம்புவரை மாவை ஏற்றி, அடியில் சீஸ், மேலே இறைச்சி, அதற்கு மேலே தக்காளிக் குழம்பு என்று நிரப்பி அவன் அடுப்பில் வேகவைக்க வேண்டும். வெந்து வரும்போது இரண்டு அங்குலத் தடிப்பு இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதற்குத் தக்காளிச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி அந்தக் கத்தியைப் பாருங்கள். சக்கரத்தின் குறுக்களவு மூன்று அங்குலம். அப்படியானால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒன்றரை. அந்த நடுவில் அச்சாணி இருக்கிறது, அச்சாணியைப் பிடிக்கக் கவட்டை இருக்கிறது. அவை அரை அங்குலத்தைத் தின்றுவிடுகின்றன. மிச்சம் ஒரு அங்குலம். ஒரு அங்குலம் இறங்குகிற கத்தி இரண்டு அங்குலத்தை எப்படி வெட்டும்? கவட்டை தக்காளியில் புதையும், சக்கரம் சுழலாமல் சீஸை இழுத்துக்கொண்டு போகும், அடி மாவு அப்படியே முழுசாக இருக்கும். மெல்லிய அப்பளம்போன்ற ரொட்டிக்கு அது நல்ல கருவிதான். கனத்ததற்கு ஐந்து அங்குலச் சக்கரமாவது வேண்டும். அதை உருட்டத் தட்டில் இடமிருக்காது, சுவர் மறிக்கும்.

ரொட்டிக் கத்தி வேறு விதமாகக் கெடுக்கும். அதை முன்னும் பின்னும் அறுக்க வேண்டும். அறுக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அதோடு போய் வரும்.

இதை நான் துரைசாணிக்கு விளக்கினேன். அவர் பாதியிலேயே தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போய்விட்டார். பட்லருக்கு விளக்கினேன். கொட்டாவி விட்டான். இராக்கம்மாவுக்கு விளக்கினேன். மிளகாய் அரைத்துக்கொண்டே, “ம்... ம்...” என்று கேட்டுவிட்டு, “அண்ணே, அம்மி கொத்துறவன் இன்னைக்கி வருவானா?” என்றாள். ஒரு பொருள் ஏன் அப்படி வேலை செய்கிறது என்று ஒருவன் பொறுமையாகச் சொன்னால் ஏன் ஒருவரும் முடியும்வரை கேட்பதில்லை? இது எனக்கு என்றைக்கும் விளங்கியதில்லை.

வேண்டியது பிறைக் கத்தி. அரைச் சந்திர வடிவத்தில் நீண்ட தகடு, இரண்டு முனையிலும் பிடி. ரொட்டியைத் தட்டிலிருந்து பலகைக்கு மாற்றி, மேலே வைத்து, தொட்டிலை ஆட்டுவதுபோல ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குச் சாய்க்க வேண்டும். ஒரு நேரத்தில் விளிம்பின் ஒரு புள்ளிதான் கீழே தொடும். உங்கள் இரண்டு கையின் பாரமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். இழுவை இல்லை, அறுப்பு இல்லை. நேராகக் கீழே. இதில் எவ்வளவு அழகு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா?

பதுளையில் பாறூக் நானாவின் இரும்புக்கடைக்குப் போனேன்.

“என்ன கோக்கியார், துரைமாருக்கு ரொட்டி வெட்டவா போறீங்க, மரம் அறுக்கவா?” என்றார்.

“ரெண்டு அங்குலத் தடிப்பு நானா.”

“ரெண்டு அங்குலமா? அது ரொட்டி இல்ல, மெத்தை. வெட்டாதீங்க, படுத்துத் தூங்குங்க.”

தகடு தடிப்பாக இருந்தால் ஆப்புப்போல இறங்கி ரொட்டியைப் பிளக்கும், மெல்லியதாக இருந்தால் வளையும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆணி வாங்க ஒருவர் வந்தார். நானா என் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு அவரிடம் போய்விட்டார். கடைசியில் மரம் அறுக்கிற பழைய வாள் தகடு ஒன்றைத் தந்தார். பட்டறையில் கொடுத்துப் பதினான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி, வளைத்து, நானே பத்து நாள் தீட்டினேன். அதைவிடச் சரியான கத்தி இந்த ஊவா மாகாணத்தில் இருந்திருக்காது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மற்றத் தோட்டத்துத் துரைமார் எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு பீட்சா செய்தேன். முதலாவதை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு பலகைக்கு மாற்றி, விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று மேசைக்கே கொண்டுபோனேன். கத்தியை வைத்துச் சாய்த்தேன்.

மேல் பக்கம் வெட்டுப்பட்டது. உள்ளே இருந்த சீஸ் தண்ணீராக இருந்தது. நான் அழுத்திய அழுத்தத்தில் அது வழி தேடிப் பக்கவாட்டில் பாய்ந்தது. தக்காளிக் குழம்பு வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்த ஒரு துரையின் மடியில் விழுந்தது. நான் அடுத்த பக்கத்துக்குச் சாய்த்தேன். பாதியில் நிறுத்தக் கூடாது, அது முறை. அடி மாவு வழுக்கி மேசைவிரிப்பில் இறங்கியது. எட்டுப் பேரும் சிரித்தார்கள். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மேசையைத் துடைத்து விரிப்பை மாற்றி முடிக்கும் நேரத்தில் இராக்கம்மா மற்றத் தட்டோடு வந்தாள். நான் முதலாவதோடு போனதும் அதை ஜன்னல் கட்டையில் வைத்து ஆற விட்டிருக்கிறாள். கால் மணிநேரம் இருக்கும். பிறகு சாதாரண ரொட்டிக் கத்தியால் வெட்டியிருக்கிறாள். எட்டுத் துண்டு. எட்டும் செங்கல்போல நின்றன.

“நீ எப்படி வெட்டினது?” என்று துரைசாணி கேட்டார்.

“ஆற விட்டேங்க, வேற ஒண்ணுமில்ல,” என்றாள். என்னைப் பார்த்து, “அவசரத்துக்கு அண்டாவுலயும் கை நுழையாதும்பாங்கள்ல, அண்ணே,” என்றாள்.

“கோக்கி, இனிமே நீ வெட்ட வேணாம். இராக்கம்மா வெட்டட்டும்,” என்றார் துரைசாணி.

ஆற விடுவது ஒரு பதிலே இல்லை, வக்கீலையா. அது கேள்வியைத் தட்டிக்கழிப்பது. ஆறினால் எதுவும் வெட்டும், ஓலைகூட வெட்டும். சூடாக இருக்கும்போது எது வெட்டும் என்பதுதான் கேள்வி. இதை அவளுக்கு அன்று மாலையே சொன்னேன். “சரிண்ணே, விடுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. அவள் மனதில் வஞ்சம் வைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். சிரிப்புக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் அதன் பிறகு நான் லயத்துப் பக்கம் போனால் யாராவது இரண்டு கையையும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டுவார்கள். “கோக்கியார் ரொட்டியோட மல்லுக்கட்டுனாரு”. நாற்பத்தைந்து வயதில் இதைக் கேட்டேன்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்ததால், பிரஜாவுரிமைப் படிவக் காலம் வந்தது. இந்தியாவுக்கு எழுதுவதா, இலங்கைக்கு எழுதுவதா என்று ஒவ்வொரு குடும்பமும் ஏப்ரல் முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் சிலர்தான். பங்களாக் குசினியில் நான் பலருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழை வந்ததில்லை. ஒரு வீட்டார் என்ன சொன்னார்களோ அதையே எழுதினேன். அவர்கள் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தாள் எந்தத் தாள் என்று தெரியாது. எழுதுகிறவன் முகத்தைத்தான் அவர்கள் படிப்பார்கள்.

இராக்கம்மா என்னிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். “இலங்கைக்குத்தான் எழுதணும்ணே. மூத்தவ இங்க வாக்கப்பட்டிருக்கா. இந்தியாவுல எங்களுக்கு ஒரு நாதி கெடையாது.” பிறகு ஒரு நாள் சடையனோடு வந்தாள். சடையன் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே வந்திருந்தான், உள்ளங்கை முழுவதும் தேயிலைக் கறை.

“எழுதிட்டீங்களாண்ணே?”

“எழுதிட்டேன் தங்கச்சி.”

“இலங்கைக்குத்தானே?”

“ஆமா. இங்க வை.”

மையில் தோய்த்த விரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சூட்டோடயே வச்சிரவா, ஆற விட்டு வைக்கவா?” என்றாள். சடையனும் சிரித்தான்.

அந்தக் கேலிக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது தப்பு. அவள் கேட்கும்போது படிவம் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. முதல் நாளே எழுதிவிட்டேன். இந்தியப் படிவம்.

அடுத்த வருஷம் கண்டியில் இருக்கும் இந்திய ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தாள். “என்னண்ணே எழுதியிருக்கு?” விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. “கெடச்சிருச்சாம், ஏத்துக்கிட்டாங்களாம்,” என்றேன். அதில் பொய் இல்லை. ஆக்ஷேபம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுதலாம் என்றும் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது. கொஞ்சம் ஏலம் தூக்கல்.

இந்தியப் பாஸ்போட் வந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைச் சந்தேகப்படவே இல்லை, வக்கீலையா. “ஆபீசுல மாத்திப் போட்டுட்டானுங்க, பாவிப் பயலுக. ஒரு காயிதம் எழுதுங்கண்ணே, நாங்க போகலன்னு எழுதுங்க. ஒங்க கையால எழுதுனா கேப்பாங்க.” எழுதினேன். அதன் நகலும் உங்கள் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது, பார்த்தேன். ‘நாங்கள் புறப்பட ஆயத்தமாக இருக்கிறோம், விரைவில் தேதி தரவும்’ என்று இருக்கும். கைநாட்டு அவளுடையதுதான்.

ஒரு தப்பை நடுவில் திருத்தப்போனால் இரண்டும் கெட்டுவிடும் என்பது என் அனுபவம்.

பதுளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அவளுடைய தகரப் பெட்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். சனம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதது. சீரங்காயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் விடாமல் ஓடினாள். நான்தான் இழுத்துப் பிடித்தேன். இல்லாவிட்டால் அடிபட்டிருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இறங்கிய மண்டபம் முகாமில் சின்னப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது என்கிறீர்கள். சடையன் கூடலூர்ப் பக்கத்தில் கல்லுடைக்கப் போன இடத்தில் செத்தான் என்கிறீர்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் காய்ச்சல் எல்லா ஊரிலும் வருகிறது. அங்கே நிலம் கொடுப்பார்கள், வீடு கட்டக் கடன் கொடுப்பார்கள் என்று அப்போது எல்லாரும்தான் சொன்னார்கள். நான் அவர்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவளை வேறு ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு பங்களாவில் மறுபடி நானே வெட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், ஆற விட்டுத்தான் வெட்டினேன்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். படிவத்தை மாற்றியது நான். கடிதத்தை மறைத்து வாசித்தது நான். இரண்டாவது கடிதத்தில் பொய் எழுதியதும் நான். எதையும் மறுக்கவில்லை. இது இல்லாமல் அவள் திரும்ப வர முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். ‘கோபத்தில் செய்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கோபக்காரன் இல்லை. கோபத்தில் செய்கிறவனுக்குக் கை ஆடும்.

சீரங்காயியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சொல் போனால் இந்த நிமிஷமே போடுகிறேன். போகாவிட்டால் போட மாட்டேன். அந்தப் படிவத்தின் நகலை வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பாருங்கள், வக்கீலையா. ஒரு அடித்தல் உண்டா, ஒரு திருத்தல் உண்டா? எழுத்து எவ்வளவு நிதானமாக இருக்கிறது.