பத்துப் புள்ளிக் கத்தி

வயது 41. தையல் தொழில். பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பு. பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளபடி. இன்ஸ்பெக்டர் கேட்க, நான் சுயநினைவுடன் சொல்வது:

மேற்படி பூட்டுக் கடையை நடத்துபவர் என் கணவர். மடக்குக் கத்தி திருடியதாக நேற்று முதல் இந்த நிலையத்தில் காவலில் இருப்பவரும் அவரே. புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த அண்ணன்.

அண்ணன் பழைய மடக்குக் கத்திகள் சேர்ப்பவர். அவர் சேர்க்கும் கத்திகளைச் செய்த ஆலை, அலகின் அடியில் தன் முத்திரைக்குக் கீழே முதல் வருடம் பத்துப் புள்ளி குத்தி, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளி குறைத்து வந்தது. புள்ளியை எண்ணினால் கத்தி பிறந்த வருடம் தெரியும். மற்ற சேகரிப்பாளர்களும் அண்ணனிடம் காட்டித்தான் வருடத்தை உறுதி செய்துகொள்வார்கள் என்பதால் அவருக்குப் புள்ளிக்காரர் என்றே பெயர். எந்த மடக்குக் கத்தியைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. விரித்து, அடியைக் கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. என் கல்யாணத்தன்று பழம் நறுக்க வைத்திருந்த கத்தியை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதால், குடும்பப் படத்தில் அவருடைய உச்சந்தலைதான் விழுந்தது.

முதல் வருடக் கத்தி குதிரைக்கொம்பு. அண்ணனிடம் அது ஒன்றுதான் இல்லை. போன மாதம் அவர் கடைக்கு வந்து, பூட்டில் துளையிடும் இடத்தைக் குறிக்க என் கணவர் வைத்திருக்கும் கூர் உளியை இரவல் வாங்கிப் போனார். பெட்டிக்குக் கீல் வைக்க என்று சொன்னார். அதன் பிறகு சில நாளிலேயே பத்துப் புள்ளிக் கத்தி கிடைத்துவிட்டதென்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். நாங்கள் பார்க்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபடியே காட்டினார். கையில் கொடுக்கவில்லை. அண்ணியிடமும் கொடுத்ததில்லை என்று அண்ணியே சொல்லித் தெரியும்.

அதன் பிறகு வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் பூதக்கண்ணாடியுடன் வந்து அந்தக் கத்தியைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. அன்று மாலையே அண்ணன் உளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என் கணவர் கையை நீட்டியதற்கு, "நீங்க வேலையப் பாருங்க மாப்பிள்ளை, நானே பெட்டியில வெச்சிடறேன்" என்று கருவிப் பெட்டி இருக்கும் உள்பக்கம் போனார். எங்கள் வீட்டில் குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர் அவர். எனக்கு அப்போதே உறுத்தியது. என் கணவரிடம் சொன்னதற்கு, "உங்கண்ணன் திருந்தினாலும் உனக்குப் பொறுக்காதா?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை அண்ணன் கத்தியைக் காணோம் என்றும், கண்ணாடிப் பெட்டியின் பூட்டு உடையாமல் எடுத்திருப்பதால் பூட்டுக்காரர் மேல்தான் சந்தேகம் என்றும் புகார் கொடுத்தார். அதன் பிறகு போலீஸார் வந்து எங்கள் கடைக் கருவிப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய கத்தியை எடுத்தார்கள். நிலையத்தில் துணியைப் பிரித்து, கத்தியை மடக்கியபடியே மேசைமேல் வைத்துக் கேட்டபோது அண்ணன், "என்னோடதுதான்" என்றார். தொடவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அதன் பிறகு வந்த வெளியூர்க்காரரிடம், வழக்கு முடியும்வரை கத்தி முத்திரை வைத்த உறையில் இருக்கும், யாரும் பார்க்க முடியாது என்று அண்ணன் சொன்னார். வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டவரின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

இன்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில், சாட்சிகள் முன்னிலையில் இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்துக் கத்தியை விரித்தார். புள்ளிகள் பத்து. நகத்தால் தடவியதில் ஏழு புள்ளிகள் வழவழவென்று இருந்தன, மூன்றில் நகம் இடறியது. அண்ணனே முன்பு சொன்னபடி, ஆலையில் புள்ளி குத்திய பிறகுதான் மெருகு போடுவார்கள், ஆகவே விளிம்பு இடறாது. ஏழு புள்ளிக் கத்தியில் பின்னால் மூன்று சேர்த்திருக்கிறது. நான் கொண்டுவந்த எங்கள் உளியின் நுனி அந்த மூன்றில் மட்டும் பொருந்தி உட்கார்ந்தது.

அதற்கு இன்ஸ்பெக்டர், "உளி உங்க வீட்டுக்காரரோடது. பெட்டியும் அவரோடது. அவரே ஏன் குத்தியிருக்கக் கூடாது?" என்று கேட்டார். உதவி செய்யப் போய் அவர் தலையில் நானே இன்னொரு குற்றத்தை ஏற்றிவிட்டேனோ என்று பயந்தேன்.

அதன் பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் வேறு ஏதாவது ஒரு மடக்குக் கத்தியை மடக்கியபடி கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. எழுத்தர் பென்சில் சீவும் கத்தியைக் காவலர் கொண்டுபோய், "கொஞ்சம் பிடிங்க" என்று அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை விரித்தார். அடியைக் கட்டைவிரலால் துடைத்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

இன்ஸ்பெக்டர் அவர் எதிரில் போய் நின்று, "பென்சில் கத்திக்கே இவ்வளவு பாக்கறீங்க. காணாமப் போன உங்க கத்தியை மட்டும் ஏன் விரிச்சே பாக்கல?" என்று கேட்டார்.

அண்ணன் கத்தியை மடக்கினார். கதவுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பா, வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். நான், "அவர விடட்டும், அவரோட போறேன்" என்றேன்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி, வரி வரியாக வாசித்துக் காட்டினார். நான் கண்டதற்கும் அறிந்ததற்கும் மேல் இதில் ஒன்றும் இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் தங்கை, காவலில் உள்ளவரின் மனைவி