ரத்த வகை என்ற கட்டம்

நான் ஒரு கபடி ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வியர்வையும் கூச்சலும் எனக்கு ஒத்துவராது. அதனால்தான் மண்டபத்தூர் நீலக்கடல் கபடிக் குழுவுக்கு உறுப்பினர் இணையதளம் அமைத்துத் தரும் வேலையை வெறும் வேலையாக என்னால் பார்க்க முடிந்தது.

2007இல் காரைக்காலில் அப்படியொரு தளத்தை ஒற்றை ஆளாக வடிவமைக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆட்டக்காரன், ரசிகன் எல்லோருக்கும் ஓர் எண், படம் போட்ட கார்டு, ஆட்டம் இருந்தால் செல்போனில் செய்தி. ரத்த வகைக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டவன் அணித்தலைவன் ஆனந்தராஜ். யாருக்காவது ரத்தம் தேவை என்றால் குழுவே திரண்டு போவது அவர்கள் வழக்கம். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பக்கம் பதிவாகாதபடி செய்தேன். நல்ல வடிவமைப்பு அப்படித்தான் இருக்கும்.

மீனவர்கள் வலை பின்னும் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, முதல் ஆளிடம் ரத்த வகை கேட்டேன்.

“செவப்புதான் சார்.” கூடமே சிரித்தது.

“எங்களுக்கு மீன் ரத்தந்தான் தம்பி, கவுச்சியடிக்கும், பாத்து எழுதுங்க” என்றாள் மீன்காரி குஞ்சம்மாள்.

பத்தாவது ஆளோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். தன் உடம்பில் ஓடுவது என்னவென்று தெரியாதவர்களுக்கு எதை எழுதினால் என்ன? அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நானே நிரப்பினேன். அரிய வகைகளையும் அங்கங்கே தூவினேன். பட்டியல் நம்பும்படி இருக்க வேண்டும் அல்லவா? கார்டைக் கொடுத்தபோது சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து சிவசுப்பிரமணியன் என் கணினிக் கடைக்கு வந்திருந்தார். ஒன்பது விளையாட்டுக் குழுக்களுக்கு என் தளத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர். அவருக்குத் திரையில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆனந்தராஜ் ஏழெட்டுப் பேரோடு ஓடிவந்தான். அவன் மனைவி பாரதிப்ரியாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். மருத்துவமனையில் கையிருப்பு இல்லை.

“யாருக்கு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார், காலைப் புடிக்கிறேன்.”

தேடினேன். மூன்று பெயர்கள் வந்தன. “பிரமாதம்” என்றார் சிவசுப்பிரமணியன்.

மூவரும் கடலில் இருந்தார்கள். படகுக்குப் போன் போட்டார்கள். ஆள் வருகிறது என்று மருத்துவமனைக்கும் தகவல் போனது. ரத்தம் வாங்கிவரப் புதுச்சேரிக்குக் கிளம்ப இருந்த வண்டியை அதனால் நிறுத்திவைத்தார்கள். எல்லோரும் கலைந்து ஓடினார்கள்.

மாரிக்கண்ணு மட்டும் போகவில்லை. வலை கட்டுபவன், ஆட்டத்துக்கு ஆட்டம் விசில் ஊதிக் காதைக் கிழிப்பவன். கார்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

“சார், சுனாமி முகாம்ல ரத்தம் பாத்துட்டு எனக்கு ஓ நெகட்டிவ்னாங்க. இதுல பி பாசிட்டிவ்னு இருக்கு. எது சார் சரி?”

அவன் சொல்வது சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிவசுப்பிரமணியன் என்னைப் பார்த்தார். ஒரு வகை தப்பு என்றால் அறுநூற்றுப் பன்னிரண்டும் தப்பு.

“கார்டுதான் சரி” என்றேன்.

“அப்ப முகாம்லதான் மாத்தி எழுதிட்டாங்க போலருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” கார்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு என் கடை வாசல் படியில் உட்கார்ந்தான். மருத்துவமனை அங்கிருந்து ஐந்து நிமிட நடை.

படகுகள் திரும்ப இரண்டு மணி ஆனது. மூன்று பேரையும் சோதித்தார்கள். ஒருவரும் ஓ நெகட்டிவ் இல்லை. அதற்குப் பிறகுதான் வண்டி புதுச்சேரிக்குப் போனது. மாலை ஆறு மணிக்குப் பாரதிப்ரியா இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண்.

மாரிக்கண்ணுவின் ரத்தத்தை இந்த விசாரணைக்காக நீங்கள் சோதித்ததாகக் கேள்விப்பட்டேன். முடிவை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டங்களை நிரப்பியது நான். அவனைப் படியில் உட்கார வைத்ததும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று கேட்ட பெயர்களை என் தளம் இரண்டே நொடியில் கொடுத்தது. தாமதம் என் பக்கம் இல்லை.