படத்துல வந்தாரா?

காலை ஐந்தே முக்கால். இருட்டு இன்னும் முழுசாகப் பிரியவில்லை. ஊழியர் குடியிருப்பிலிருந்து தேசியப் பூங்காவின் அலுவலகத்துக்குப் பதினொரு கிலோமீட்டர்... இரண்டு பக்கமும் காடு. நடுவில் ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. அந்தச் சாலையில் என் தோழியின் அத்தான் ஸ்கூட்டரில் தனியாகப் போனார். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலடியில் ஒரு துணிப்பை. கிளம்பும்போது மனைவியிடம், "மத்தியானம் சாப்பிட வந்துடுறேன்" என்றார்.

வரவில்லை.

ஸ்கூட்டர் அலுவலகத்து வண்டி நிறுத்தத்தில் பூட்டி நின்றது. ஹெல்மெட் அதன் கண்ணாடியில் தொங்கியது. அவருடைய அறைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது...

கரண்ட் இப்போதைக்கு வராது. இந்தப் பயிற்சி விடுதிக்காரன் ஜெனரேட்டர் போடுவான் என்று நம்பினால் நம்மைவிட ஏமாளிகள் கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நீங்கள் ஆறு பேரும் அடுத்த வாரம் ஆளுக்கொரு காட்டில் கேமராப் படம் பிரிக்கப் போகிறவர்கள். இந்தக் கதை உங்கள் பாடத்தில் வராது. நடுவில் பயந்தால் என் கையைப் பிடிக்காதீர்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அத்தானுக்கும் அதே வேலைதான். அந்தக் காட்டில் பத்தொன்பது கேமராக்கள். ஒன்றாம் எண் அவருடைய அறைக்குப் பின்னால் ஒரு மரத்தில். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையோடு அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாகப் போய், ஓடைக்கு அக்கரையில் பத்தொன்பது. எதிரே எது அசைந்தாலும் 'டிக்'. படம் டவர் வழியாக நேரே அத்தானுடைய அறைக்கு வந்துவிடும். படத்தின் அடியில் கறுப்புப் பட்டை. அதில் தேதி, மணி, கேமரா எண். மென்பொருள் பார்த்துப் பிரிக்கும். மான் மான் கணக்கில் போகும். சிறுத்தை என்றால் புள்ளிகளை வைத்து எந்தச் சிறுத்தை என்றே சொல்லிவிடும், அது நடந்த வழியை வரைபடத்தில் மஞ்சள் கோடாகப் போடும். முன்பின் தெரியாத மனிதன் யாராவது வந்தால் வேட்டைக்காரன் என்று மூன்று பேருடைய போனில் அலாரம் அலறும்.

கேமராக்களுக்கு பேட்டரி மாற்றுகிறவர் ஒரு காவலர். ஆள் நல்ல உயரம். எல்லோருக்கும் அவர் நெட்டை. ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் குனிந்து, முகத்தை நீட்டி, பல்லைக் காட்டிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். மாதத்துக்கு நானூறு படம் வெறும் பல். ஒரு தடவை மேலிடத்துக்குப் போன அறிக்கையில் கரடிப் பட்டியலில் நெட்டையும் சேர்ந்துவிட்டார். அத்தானுக்கு நல்ல வசவு விழுந்தது.

அன்றைக்கே அத்தான் மென்பொருளில் ஒரு விதி எழுதினார். காக்கிச் சட்டை தெரிந்தால் அது ஊழியர். அலாரம் வேண்டாம், கணக்கில் வேண்டாம், திரையிலும் வேண்டாம். நேரே 'ஊழியர்' என்ற ஃபோல்டருக்குள் போய்விடட்டும்.

"இனிமே உன் பல்லை நான் பார்க்க வேண்டாம்டா நெட்டை."

"பல்லைப் பார்க்காட்டிப் போகுது சார். ஆளையாவது பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்றரை வருஷம் போயிற்று. அத்தான் அந்த ஃபோல்டரை மறந்தே போனார். அதெப்படி மறப்பார் என்று அங்கே யாரோ முனகுகிறீர்கள். நீங்கள் போட்ட விதியை நீங்களே மறந்த பிறகு வந்து என்னிடம் பேசுங்கள்.

மழைக்காலம். நெட்டை பேட்டரிப் பையோடு தனியாகப் போனார். எந்தப் பக்கம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் கொர்ர்ர்... அவ்வளவுதான். ஓடையில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. கயிறு கட்டி அக்கரைக்கு ஆள் அனுப்புவதா, இல்லை கிழக்கே ஆற்றுப் பக்கம் தேடுவதா? ரேஞ்சர் அத்தானிடம் வந்து, கேமராவில் ஆள் தெரிந்தானா என்று கேட்டார். அத்தான் பத்தொன்பதையும் பார்த்தார். திரையில் மழை, மான், ஒரு கீரி.

"எதுலயும் வரல சார். அக்கரைக்குப் போயிருந்தா பத்தொன்பதுல விழுந்திருக்கணும்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி முப்பது பேர் ஆற்றுப் பக்கம் போனார்கள்.

நெட்டையின் மனைவி தினமும் காலையில் வந்து அறை வாசலில் நிற்பார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டும். உள்ளே வரமாட்டார், தரை நனைந்துவிடுமாம்.

"படத்துல வந்தாரா சார்?"

"இல்லம்மா."

ஐந்து நாள் இதே கேள்வி, இதே பதில். ஆறாம் நாள் வெள்ளம் வடிந்தது. பத்தொன்பதாம் கேமராவுக்கு நேர் எதிரே கிடந்தார் நெட்டை. பாறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்திருந்தது. விழுந்தது முதல் நாள், உயிர் போனது நாலாம் நாள் என்றார் டாக்டர்.

அப்போதுதான் அத்தானுக்கு அந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. அறையைத் தாழிட்டுக்கொண்டு திறந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

கேமராவுக்கு எதிரே வந்து சேர நெட்டை தவழ்ந்திருக்கிறார். கையை ஆட்டியிருக்கிறார். மடங்கிக் கிடக்கும் காலைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். இரண்டாம் நாள், கொட்டுகிற மழையில்... சட்டைப் பித்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொள்கிறார். தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொள்கிறார். நம்ம ஆள் என்று தெரியட்டும், சீக்கிரம் வரட்டும் என்று நினைத்திருப்பார். அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்திருந்தால் போதும். மூன்று போன்களும் அலறியிருக்கும். அது அவருக்குத் தெரியாது.

கடைசிப் படத்தில் முகத்தை நீட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். திட்டுவதற்காகவாவது சார் பார்ப்பார் என்று...

அத்தான் இருநூற்றுப் பன்னிரண்டையும் அழித்தார். விசாரணையில் கேமரா பழுது என்றார். பத்தொன்பதாம் கேமராவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, பேட்டரிகளை உருவி, தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். குற்ற உணர்ச்சி மட்டும் இல்லை, பயம். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், வேலை போனால் என்ன ஆகும் என்கிற பயம். நம் எல்லோருக்கும் உள்ள பயம்தான்.

துக்கம் கேட்கப் போனபோது நெட்டையின் மனைவி ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அவருடைய மாற்றுச் சீருடை, துவைத்துத் தேய்த்தது. சட்டையில் மேலிருந்து இரண்டாவது பித்தான் மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது. காக்கி நூல் தீர்ந்துபோயிருந்ததாம்.

"ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க சார்." வாசல் வரை கூட வந்தார். "அந்த நாலு நாள்ல ஒரு தரம்கூடப் படத்துல வரலியா?"

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லம்மா."

மறுநாள் காலை எட்டு மணி. பேய் வருகிற நேரமா அது? நல்ல வெயில், வெளியே யாரோ ஜீப் கழுவுகிறார்கள். ஊழியர் ஃபோல்டரில் புதிதாக ஒரு படம். அன்றைய தேதி. கேமரா பத்தொன்பது. ஓடை, பாறை, நசுங்கிய புல். ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு காக்கி முழங்கை...

அலமாரியைத் திறந்தார். கேமரா வைத்த இடத்தில்தான் இருந்தது. பேட்டரி இல்லை. ஆனால் அதன் கண்ணாடி நனைந்திருந்தது. அலமாரி முழுக்கச் சேற்று வாடை.

அடுத்த நாள் பதினெட்டாம் கேமராவில் ஒரு படம். காக்கி முதுகு. தவழ்கிறது. அதற்கடுத்த நாள் பதினேழு. நாளுக்கு ஒரு கேமரா. மென்பொருள் சிறுத்தைக்குப் போடுகிற மாதிரியே மஞ்சள் கோடு போட்டது. படத்தை அழித்தால் கோடு அழியவில்லை. விதியை எடுத்துவிட்டால் படம் எல்லோருடைய திரையிலும் தெரிந்துவிடும். அதற்கு அத்தானுக்குத் துணிச்சல் வரவில்லை. கோடு அலுவலகத்தைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. எந்தத் தேதியில் வந்து சேரும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஒன்றாம் எண்ணில் படம் விழுந்தது. மறுநாள்தான், இன்னும் ஒப்படைக்காத அந்தத் துணிப்பையோடு, ஐந்தே முக்கால் மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். மென்பொருளில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு, யாரும் திறக்காத பெட்டி. பத்தொன்பதாம் கேமராவின் பெட்டியில் அத்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். நெட்டையின் மனைவியிடம் சொன்ன பொய், செருப்பு மாட்டிக்கொண்டது வரைக்கும். கடைசி வரி: 'ஆளையாவது பார்க்கணும்.'

அதைப் படித்தது நான். அத்தானைத் தேடி ஓய்ந்த பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்தது. தோழிதான் சொல்லி அனுப்பினாள். எனக்கு வேலை கிடைத்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்றுதான் போய் உட்கார்ந்தேன், பொய் சொல்வானேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தானுடைய மனைவி வந்தார். தோழியின் அக்கா. எனக்குச் சின்ன வயதில் தலை பின்னிவிட்டவர். அறை வாசலில் நின்றார். அந்தக் கேள்வியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"படத்துல வந்தாரா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு ஊழியர் ஃபோல்டரைத் திறந்தேன். ஒரே ஒரு படம். கேமரா பத்தொன்பது. அந்தக் கேமரா எனக்கு இரண்டடி பின்னால் அலமாரியில், பேட்டரி இல்லாமல் கிடக்கிறது.

ஓடைக்கரையில் இரண்டு பேர். நெட்டை படுத்திருக்கிறார். பக்கத்தில் அத்தான், உட்கார்ந்து கேமராவையே பார்க்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை இல்லை. காக்கி. கழுத்து வரை பித்தான் போட்டிருக்கிறது. சட்டைக் கை ரொம்ப நீளம், விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. மேலிருந்து இரண்டாவது பித்தானில் சிவப்பு நூல். மென்பொருள் அடியில் எழுதியிருந்தது... நபர்கள்: 2. ஊழியர்.

ஏதோ காரணம் சொல்லி இரண்டு பேரை ஓடைக்கு அனுப்பினேன். யாரும் இல்லை என்றார்கள். புல் மட்டும் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்ததாம்.

மறுநாள் அக்கா வந்தார். நான் என்ன சொல்ல? உங்க வீட்டுக்காரர் என் அலமாரிக்குள்ள இருக்கார் என்றா? என் வாயில் தானாக வந்துவிட்டது.

"இல்லக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் இல்லை என்று சொல்லிவிட்டால் மறுநாள் உண்டு என்று எப்படிச் சொல்வது? தினமும் வந்தார். தினமும் அதே பதில். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?

அடுத்த நாள் படம் பதினெட்டிலிருந்து வந்தது. காக்கி முதுகு இரண்டு. பிறகு பதினேழு...

இங்கே பயிற்சிக்குக் கிளம்பியபோது கோடு ஆறாம் எண்ணில் இருந்தது. வெகு தூரம் வந்துவிட்டோம், இங்கே கேமரா இல்லை, காடும் இல்லை என்று எனக்கு ஒரு நிம்மதி. ஆனாலும் காலையில் போனில் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து. நாலு. மூன்று. இரண்டு. இன்று காலை பார்த்தேன். ஒன்று.

அதனால்தான் இன்று ராத்திரி யாரும் தூங்க வேண்டாம் என்கிறேன். நாளைக்கு நான் இல்லாவிட்டால், யாராவது வந்து படத்தில் வந்தாளா என்று கேட்டால், நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இந்த வருஷம் முதல் நமக்கும் சீருடை என்று சாயங்காலம் ஆளுக்கொரு உறை கொடுத்தார்களே. ஏழும் புதுசு, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. என்னுடையதைக் கரண்ட் போன பிறகுதான் பிரித்தேன், போட்டுக்கொண்டேன். என் அளவைச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கை எவ்வளவு நீளம் பாருங்கள்...

நீ டார்ச்சை இப்படிக் காட்டு. கொஞ்சம் மேலே. இரண்டாவது பித்தான்.

என்ன நிற நூல் அது?