கோல்கீப்பர் செய்த போன்

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வரும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த இளைஞன் தன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னான்.

“இப்பல்லாம் பந்து ரெண்டா வருதுக்கா.”

அவன் சென்னையில் ஓர் இரண்டாம் டிவிஷன் கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்பது பேச்சில் தெரிந்தது.

“எப்பலேர்ந்துலே?”

“மூணு மேட்ச்சுக்கு முன்னால ஒருத்தன் முழங்கால் தலையில இடிச்சிட்டு. யார்ட்டயும் சொல்லல.”

“அப்ப எதப் பிடிக்கே?”

“குத்துமதிப்பா பாயுதேன். ஞாயித்துக்கிழமை கடைசி மேட்ச். தோத்தா டீமே மூணாம் டிவிஷனுக்கு எறங்கிரும். சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அடுத்த சீசன் என்னயக் கூப்பிட மாட்டாங்க.”

அக்கா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“என் மூஞ்சி எத்தன தெரியுது?”

“ரெண்டு” என்றான்.

“கோச்சுக்குப் போனப் போடு. எறங்குனதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

அவன் எண்ணை அழுத்தினான். நடந்ததை எல்லாம் சொன்னான். எதிர்முனையில் கோச் என்ன கேட்டாரோ, இவன் சொன்னான்.

“மேட்ச நெனச்சு இல்ல சார். கண்ணு போயிருமோன்னு பயமா இருக்கு.”

பஸ் நின்றது. படியில் இறங்கும்போது அவன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.