பாறைமேல் எழும் அலை

அன்று காற்று நன்றாக இருந்தது. கரையிலிருந்து கடல் பக்கம், துணி உலரும் அளவுக்கு வீசியது. அப்படி வீசினால் அலை அவசரப்பட்டு உடையாது. நின்று நிதானமாகச் சுருளும். மணல் கரையில் இன்று இருக்கும் மேடு நாளை இருக்காது. கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் எங்கள் திட்டின் அடியில் இருப்பது பாறை. அது எங்கே போய்விடப் போகிறது? அலை ஒரே இடத்தில் எழும், ஒரே பக்கம் ஓடும். மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் அலைமேல் ஏறிச் சறுக்கும் பலகைகளைப் பழுது பார்ப்பவன். கடை வாசலிலிருந்து திட்டு நன்றாகத் தெரியும். காலையில் கடலைப் பார்த்துவிட்டு வாசலில் ஒரு பலகையை வைப்பேன். பலகை நின்றால் கடலில் இறங்கலாம், படுத்திருந்தால் கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை, பழகிப்போன வழக்கம். என் வாசலைப் பார்த்த பிறகுதான் கடலையே பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் கடை மாடியில் குடியிருந்தார்கள். அவர் பள்ளியில் வேதியியல் வாத்தியார், தங்கமான மனிதர். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் இங்கேயே இருக்கட்டும் என்றபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கடல் என்றாலே பயந்தவரைப் பலகையில் ஏற்றிவிட்டவனும் நான்தான்.

போன மாதம் சாப்பிடும்போது தங்கை பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, அவருக்கு மலைப்பக்கம் வேலை கிடைச்சிருக்கு. போயிடலாம்னு இருக்கோம்."

"நீயுமா?"

அவள் சிரித்தாள். "நல்லா கேட்ட போ. அவரை மட்டும் அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்றது?"

நான் கோபப்படவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன்.

அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட உள்வாங்கும். பாறைமேல் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும். பார்க்க அலை அழகாக இருப்பதும் அப்போதுதான். அன்றும் அப்படித்தான், காலையில் பலகையைப் படுக்க வைத்திருந்தேன். வழக்கமாக வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். மாடிப்படியில் மாப்பிள்ளையின் காலடி கேட்டதும் அதை எடுத்து நிறுத்தினேன்.

"மச்சான், இன்னைக்கு எப்படி?"

"நல்ல அலை மாப்ளே. ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி ஆசை தீர ஏறிட்டு வாங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. நல்ல அலைதான். முதல் அலையில் அவர் ஓடியதைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது அலை முடியும் இடத்தில் வழக்கம்போலத் தலை முன்னே நீட்டிப் பாய்ந்தார். பலகை மட்டும் மேலே வந்தது. கையில் ஒரு பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் மேடு பள்ளமாகிவிடும் என்பதால் முடித்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

தங்கை இப்போது எங்கும் போகவில்லை. மாடியில் இருக்கிறாள். கொடுத்தால் கொஞ்சம் சாப்பிடுகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகப் போகச் சரியாகிவிடும். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

எப்போது முடிவு செய்தாய் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவள் மலைப்பக்கம் போவதாகச் சொன்ன அன்றுதான். அதுவரை அவரைப் பற்றி ஒரு கெட்ட எண்ணம்கூட என் மனதில் வந்ததில்லை. அவளைப் பிரிக்காமல் இருந்திருந்தால் அவர் நூறு வயது வாழ்ந்திருக்கலாம்.

மற்றவர்கள் உங்களிடம் சொன்னதும் சரிதான். பாறைத் திட்டில் பலகையிலிருந்து தலைகீழாகப் பாயக் கூடாது. முதுகு பட, மல்லாந்து விழ வேண்டும். என்னிடம் கற்ற எல்லோருக்கும் முதல் பாடமே அதுதான். மாப்பிள்ளைக்கு மட்டும் பாயக் கற்றுக் கொடுத்தேன். பார்த்தவர்கள் கேட்டபோது, "அது அவரு பாணி, விடுங்கப்பா" என்றேன். தண்ணீர் நிறைந்திருக்கும் நாட்களில் மட்டுமே அழைத்துப் போனதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாடம் தொடங்கியது அவர்கள் கல்யாணமான வாரம்.