சூப்பர்வைசருக்கு ஒரு டப்பா தர்பூசணி

தாம்பரத்தில் மேடவாக்கம் பஸ் கிளம்பியபோது எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே துணிக்கடையின் யூனிஃபார்ம் சேலையில்.

“வெயில் காலம் முடியிற வரைக்கும் நான் தண்ணியே குடிக்கப் போறதில்ல,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“மயக்கம் போட்டு வுழுந்துடுவ,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“குடிச்சா பாத்ரூம் போவணும். சூப்பர்வைசர் வுட மாட்றாரே!”

“இனிமே வுடுவாரு. காலைல அவருக்கு ஒரு டப்பா நெறைய தர்பூசணி குடுத்தேன். வெயிலுக்கு நல்லது சார்னேன். மொத்தத்தையும் துன்னுட்டாரு.”

“அவருக்கு எதுக்குடி?”

“மத்தியானம் முழுக்க பாத்ரூமுக்கு ஓடிக்கினே இருந்தாரு. வெளில வரும்போது கதவாண்டயே நின்னேன். ‘நானும் போய்ட்டு வரேன் சார்’னேன். போன்னு தலைய ஆட்டிட்டாரு.”

பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து உடைத்துப் பாதியை நீட்டினாள்.

“நீ தைரியமா துன்னு. நாளைக்கு அவருக்கு நுங்கு.”